அமைதியான தெருவில் 120 வீடுகள்: எந்த ஆட்சேபனை நிற்கும், எது நிற்காது

தோட்டத்தோடு இருந்த ஒரு பழைய பெரிய வீட்டை இடிக்கிறார்கள். மனையைச் சுற்றித் தகரத் தடுப்பு எழும்புகிறது. கொஞ்ச நாளில் ஒரு பலகை: பன்னிரண்டு மாடி, 120 வீடுகள். அப்புறம் குடியிருப்போர் சங்கம் கூடுகிறது, மனுவில் கையெழுத்து சேர்கிறது, வாசல்களில் எதிர்ப்புப் பதாகை தொங்குகிறது. பெரும்பாலான நகரங்களில் இந்த வரிசை மாறுவதில்லை.

செய்தியில் இரண்டு தரப்பையும் கேட்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். "எல்லாம் விதிப்படிதான் கட்டுகிறோம்" என்கிறார் பில்டர். "எங்களை யாரும் கேட்கவே இல்லையே" என்கிறார்கள் தெருவாசிகள். பெரும்பாலும் இரண்டுமே உண்மை. அது எப்படி என்று புரிய, சில அடிப்படைகளிலிருந்து தொடங்க வேண்டும்.

1. அடர்த்தி வேறு, உயரம் வேறு

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் முக்கியமான எண் எஃப்.எஸ்.ஐ. எல்லா மாடிகளின் தளப்பரப்பையும் கூட்டி, மனைப் பரப்பால் வகுத்தால் வருவது அது. 4,000 சதுர மீட்டர் மனையில், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கரில், 12,000 சதுர மீட்டர் கட்டினால் எஃப்.எஸ்.ஐ. 3. படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி எல்லாம் போக வீட்டுக்கு 85 சதுர மீட்டர் என்று வைத்தால் 120 வீடுகள் கிடைக்கும்.

ஹெக்டேருக்கு எத்தனை வீடு என்பது இன்னொரு எண். மேலே சொன்ன மனையில் அது 300. தனி வீடுகள் மட்டும் உள்ள தெருவில் சாலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 20, 30 தேறும். தெருவாசிகளின் அதிர்ச்சிக்குக் காரணம் இந்த இடைவெளிதான். அது கற்பனை இல்லை.

மனையில் எவ்வளவு பங்கைக் கட்டடம் அடைத்துக்கொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கால் பங்கை அடைத்தால் 12 மாடி தேவை. பாதியை அடைத்தால் 6 மாடியே போதும். இரண்டிலும் அதே எஃப்.எஸ்.ஐ., அதே 120 வீடுகள்தான். பாரிஸ் நகர எல்லைக்குள் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 பேர் வாழ்கிறார்கள். அந்த நகரத்தின் பெரும்பகுதி ஆறேழு மாடிக் கட்டடங்கள்.

எதிர்ப்பு இயக்கங்கள் முதலில் சறுக்கும் இடம் இது. உயரத்தை வெறுப்பவரும் ஜன நெரிசலுக்கு அஞ்சுபவரும் மரங்கள் போகின்றனவே என்று வருந்துபவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுகிறார்கள். உயரத்தைக் குறைத்தால் கட்டடம் பரந்துகொள்ளும், மரங்கள் போகும். மரங்களைக் காப்பாற்றினால் மாடி ஏறும். எது முக்கியம் என்று தங்களுக்குள் பேசி முடிக்காத சங்கம், அதிகாரி முன்னால் போய் "எல்லாமே வேண்டாம்" என்றுதான் சொல்ல முடியும். அந்த இரண்டு சொல்லுக்குக் கோப்பில் இடம் கிடையாது.

2. என் நிலத்தில் நான் கட்டுவதை ஏன் ஊர் கேட்கிறது

நிலச் சொந்தக்காரர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்ட காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. நியூயார்க்கில் 1915-இல் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம், ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான மனையில் சுமார் 12 லட்சம் சதுர அடி தளப்பரப்பைக் கொண்டது. எஃப்.எஸ்.ஐ. கிட்டத்தட்ட 30. நடைபாதை ஓரத்திலிருந்து பின்வாங்காமல் செங்குத்தாக எழுந்ததால் பக்கத்துத் தெருக்கள் இருண்டன. மறு ஆண்டே அந்த நகரம், எந்தப் பகுதியில் எதை, எவ்வளவு கட்டலாம் என்று வகுக்கும் தன் முதல் முழு மண்டல விதியைக் கொண்டுவந்தது. மேலே போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்று அது சொன்னது.

1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒஹாயோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், இப்படி மண்டலம் பிரிப்பது செல்லும் என்றது. ஊரின் அந்த விதியை எதிர்த்து வந்தவர் தொழிற்சாலை நோக்கத்தோடு நிலம் வைத்திருந்தவர். ஆனாலும் தீர்ப்பு போகிற போக்கில் அடுக்குமாடியைப் பிடித்துக்கொண்டது: தனி வீடுகள் உருவாக்கிய திறந்தவெளியையும் சூழலையும் உறிஞ்சிக்கொள்ளும் வெறும் ஒட்டுண்ணி என்று எழுதியது. இன்றைய மனுக்களின் தொனி அன்றே நீதிமன்ற மொழியில் வந்துவிட்டது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1947-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம், கட்டும் உரிமையையே நிலவுடைமையிலிருந்து பிரித்து எடுத்துவிட்டது. நிலம் உங்களுடையதாக இருக்கலாம். கட்ட வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதனதன் தகுதியில் பார்ப்பார்கள்.

இந்த இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாடுதான் பில்டரும் தெருவாசியும் சொல்வது ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகிறது என்பதை விளக்குகிறது. விதி அடிப்படையிலான ஊரில், எந்தப் பகுதியில் எவ்வளவு எஃப்.எஸ்.ஐ., எவ்வளவு உயரம் என்பது மாஸ்டர் பிளான் தயாரானபோதே முடிவாகியிருக்கும். அந்த வரைவுக்கு ஆட்சேபனை கேட்டு அறிவிப்பும் வந்திருக்கும். நாளிதழின் உள்பக்கத்தில், சர்வே எண்களுக்கு நடுவில். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பல ஆண்டு கழித்து, வரைபடம் விதிக்குள் அடங்கினால், அதிகாரியால் அனுமதியை மறுக்க முடியாது. உயரத்தை எதிர்ப்பதற்கான காலம் அந்த வரைவோடு முடிந்துவிட்டது. பலகையைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

3. வழக்கமான ஆட்சேபனைகள், ஒவ்வொன்றாக

(1) "வெளிச்சம் போய்விடும்." இது அளக்கக்கூடியது, அதனால் வலுவானது. பிரிட்டனில் புழங்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் வீட்டின் கீழ்த்தள ஜன்னலின் நடுப்புள்ளியிலிருந்து எதிர்க் கட்டடத்தை நோக்கி 25 பாகைச் சாய்வில் ஒரு கோடு இழுங்கள். கட்டடம் அதற்குக் கீழே அடங்கினால் பகல் வெளிச்சத்துக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. மீறினால் விரிவாக ஆராய வேண்டும். ஜன்னல் நடு தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், 18 மீட்டர் கட்டடம் இந்தச் சோதனையில் தேற சுமார் 35 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 36 மீட்டர் கட்டடமோ 74 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

நிழல் தனிக் கணக்கு, அது ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிசம்பர் இறுதியில் நண்பகலில், 36 மீட்டர் கட்டடத்தின் நிழல் 13 பாகை வடக்கில் சுமார் 27 மீட்டர் நீளும். லண்டன் இருக்கும் அட்சரேகையில் அதே கட்டடத்தின் நிழல் 130 மீட்டரைத் தாண்டும். ஆக, குளிர்நாட்டு வாதத்தை வெப்பநாட்டில் அப்படியே ஒப்பிப்பதில் அர்த்தமில்லை. வெயில் ஊரில் நிழல் வரவேற்கத்தக்கதாகக்கூட இருக்கும். அங்கே காற்று தடைபடுவதுதான் பேச வேண்டியது.

சட்டத்தில் இதற்கு வேர் உண்டு. இங்கிலாந்தின் 1832 சட்டமும் இந்தியாவின் 1882 ஈஸ்மென்ட் சட்டமும், 20 ஆண்டு தடையின்றி ஒரு ஜன்னல் வழியே வெளிச்சம் பெற்றுவந்தால் அதை ஓர் உரிமையாக ஏற்கின்றன. ஜப்பானில் சூரிய வெளிச்சத்தை மறைப்பது இழப்பீட்டுக்கு உரிய தீங்காகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் சொன்னது. 1976-இல் நிழலுக்கென்றே கட்டட விதி வந்தது: குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில், காலை 8 முதல் மாலை 4 வரை, பக்கத்து நிலத்தின் மீது இத்தனை மணி நேரத்துக்கு மேல் நிழல் விழக் கூடாது என்று.

(2) "காட்சி மறையும்." நிற்காது. 1610-இலேயே ஆங்கிலேய நீதிமன்றம், காட்சி என்பது இன்பத்துக்கானது, அவசியம் அல்ல, அதற்காக வழக்குத் தொடர முடியாது என்று சொல்லிவிட்டது. நானூறு ஆண்டாக அங்கே அந்த நிலை பெரிதாக அசையவில்லை.

(3) "டிராஃபிக் தாங்காது." மிக அடிக்கடி வருவது, மிக அடிக்கடி மிகைப்படுத்தப்படுவது. அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கையேட்டுக் கணக்கில், மாலை நெரிசல் மணி நேரத்தில் தனி வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 0.9 வண்டிப் பயணம். பல மாடி அபார்ட்மென்ட் வீட்டுக்கு 0.3 முதல் 0.4 வரை. 120 வீட்டுக்கு அதிகபட்சம் 50 வண்டி வரும். நிமிடத்துக்கு ஒன்றுகூட இல்லை. காரை நம்பி வாழும் நாட்டிலேயே கணக்கு இவ்வளவுதான்.

சரி, அப்படியானால் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். ஒன்று, பார்க்கிங். வீடுகளுக்குத் தேவையான இடம் உள்ளே இல்லையென்றால் வண்டிகள் தெருவில்தான் நிற்கும். ஒன்பது மீட்டர் சாலையில் இருபுறமும் கார் நின்றால் தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. இரண்டு, கட்டும் காலம். தளப்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 0.4 கன மீட்டர் கான்கிரீட் என்று தோராயமாக வைத்தால் இந்தக் கட்டடத்துக்கு 4,800 கன மீட்டர் வேண்டும். ஆறு கன மீட்டர் கொள்ளும் லாரி 800 முறை உள்ளே வர வேண்டும், வந்த வழியே திரும்ப வேண்டும். கம்பி, செங்கல், தோண்டிய மண் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. இரண்டு மூன்று ஆண்டு தெருவைப் படுத்தி எடுக்கப்போவது இதுதான். ஆனால் மனுக்களில் இதைப் பற்றி ஒரு வரியைக்கூடப் பார்ப்பது அரிது.

(4) "சாக்கடையும் தண்ணீரும் போதாது." இதை நான் பட்டியலில் மேலே வைப்பேன். வீட்டுக்கு 4 பேர் என்றால் 480 பேர். இந்தியத் திட்ட அளவான ஆளுக்கு 135 லிட்டர்படி நாளைக்கு 64,800 லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம் கழிவுநீராகும்: சுமார் 52,000 லிட்டர். சராசரியாக நொடிக்கு 0.6 லிட்டர்தான், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் குளிக்கிறார்கள். உச்ச நேரத்துக்கு மூன்று மடங்கு வைத்தால் நொடிக்கு 1.8 லிட்டர். தனி வீடுகளுக்கென்று போட்ட பழைய குழாயில் இதற்கு இடமிருக்கிறதா என்பது கருத்தல்ல, கணக்கு. குழாயின் விட்டம், சரிவு, இப்போதைய ஓட்டம் ஆகிய மூன்றையும் கேட்டால் பதில் வந்தே ஆக வேண்டும். இடமில்லை என்று தெரிந்தால், குழாயை மாற்றும் செலவு யாருடையது என்ற அடுத்த கேள்வியும் வரும்.

(5) "எட்டிப் பார்ப்பார்கள்." மதிக்கப்படும் ஆட்சேபனைதான். பால்கனி எந்தப் பக்கம், ஜன்னல் எவ்வளவு உயரத்தில், செட்பேக் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) எத்தனை மீட்டர் என்று வரைபடத்திலேயே தீரக்கூடியது.

(6) "எங்கள் வீட்டு மதிப்பு குறையும்." பிரிட்டன் போன்ற இடங்களில் இதைத் திட்ட அதிகாரிகள் கணக்கில் எடுப்பதே இல்லை. உண்மையில் எஃப்.எஸ்.ஐ. உயரும்போது மனையின் மதிப்பு ஏறவும் செய்யும், ஏனென்றால் நாளைக்கு உங்கள் மனையிலும் அதே அளவு கட்டலாம்.

(7) "வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ." பல மனுக்களில் வெளிப்படையாகவோ, 'பகுதியின் தன்மை' என்ற போர்வையிலோ வரும். இதற்குச் சட்டத்தில் இடமில்லை, இருக்கவும் கூடாது. மற்ற நியாயமான கோரிக்கைகள் மீதான நம்பிக்கையையும் இது கெடுத்துவிடும்.

4. குனிடாச்சி: ஒரே ஊர், இரண்டு முடிவுகள்

தாமதமாகத் தொடங்கும் எதிர்ப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு டோக்கியோவின் மேற்கே உள்ள குனிடாச்சி நகரம் நல்ல பாடம். மரங்கள் வரிசையாக நிற்கும் அதன் பல்கலைக்கழகச் சாலையில், 14 மாடி, 44 மீட்டர் உயரத்தில் அபார்ட்மென்ட் கட்ட ஒரு நிறுவனம் 1999-இல் நிலம் வாங்கியது. மரங்களின் உயரத்தைக் கட்டடம் தாண்டக் கூடாது என்று ஊர்மக்கள் திரண்டார்கள். நகர நிர்வாகமும் அவர்கள் பக்கம் நின்று, 20 மீட்டர் உச்ச வரம்பை விதியாக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 2000 பிப்ரவரியில். நிறுவனம் ஜனவரியிலேயே கட்டட ஒப்புதல் பெற்றுத் தோண்டத் தொடங்கிவிட்டது. சில வாரம்தான் வித்தியாசம்.

2002-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், 20 மீட்டருக்கு மேலே உள்ள பகுதியை இடிக்கச் சொல்லி எல்லோரையும் வியக்க வைத்தது. அதற்குள் கட்டடம் முடிந்திருந்தது. 2004-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2006-இல் உச்ச நீதிமன்றம், ஒரு நல்ல தெருக்காட்சியை அனுபவிப்பதில் அங்கே வாழ்பவர்களுக்குச் சட்டம் மதிக்கும் நலன் உண்டு என்று முதன்முறையாக ஏற்றது. கொள்கை அளவில் வெற்றி, வழக்கில் தோல்வி. கட்டடம் நின்றது. அதோடு விடவில்லை: இந்தக் கட்டடத்தைத் தடுக்க அன்றைய மேயர் எடுத்த நடவடிக்கைகள் முறையற்றவை என்று நகரம் நிறுவனத்துக்கு இழப்பீடு கட்ட நேர்ந்தது. பின்னர் முன்னாள் மேயர் தன் கையிலிருந்து 3 கோடி யென்னுக்கு மேல் நகரத்துக்குத் தர வேண்டும் என்று 2016-இல் முடிவானது.

அதே ஊரில் 2024-இல் வேறொன்று நடந்தது. 10 மாடி, 18 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம், வாங்கியவர்களிடம் ஒப்படைக்கச் சில வாரங்களே இருந்தபோது, கட்டிய நிறுவனமே இடிக்க முடிவு செய்தது. தெருவிலிருந்து தெரிந்த ஃபுஜி மலையை அது பாதி மறைத்திருந்தது. எந்த விதியையும் மீறவில்லை, எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. நிறுவனத்துக்குத் தன் பெயர்தான் பெரிதாகப் பட்டது போல. இப்படிப்பட்ட முடிவு அபூர்வம். இதை நம்பி ஒரு சங்கம் காய் நகர்த்த முடியாது.

5. கூட்டத்துக்கு வராதவர்கள்

கருத்துக்கேட்புக் கூட்டங்களில் எதிர்ப்பே மேலோங்குவதற்கு ஒரு காரணம், இழப்பவர்கள் இப்போதே அங்கே இருக்கிறார்கள். அந்த 120 வீடுகளில் குடியேறப்போகிறவர்களுக்குத் தாங்கள் அங்கே வரப்போவதே இன்னும் தெரியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏறத்தாழ நூறு ஊர்களின் கூட்டக் குறிப்புகளை போஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். வீட்டுத் திட்டத்தை ஆதரித்துப் பேசியவர்கள் சுமார் 15 சதவீதம்தான். பேசியவர்களில் வயதானவர்களும் ஆண்களும் சொந்த வீட்டுக்காரர்களும், ஊர் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகமாக இருந்தார்கள்.

இதை வெறும் சுயநலம் என்று ஒதுக்குவது எளிது. பொருளாதார அறிஞர் வில்லியம் ஃபிஷெல் இதற்கு வேறு விளக்கம் தருகிறார்: பெரும்பாலானோரின் சேமிப்பு முழுக்க ஒரே வீட்டில் முடங்கிக் கிடக்கிறது, தீப்பிடித்தால் காப்பீடு உண்டு, அக்கம்பக்கம் மாறினால் காப்பீடு கிடையாது. அதனால் நஷ்டத்துக்கான வாய்ப்பு சிறியதாக இருந்தாலும் அவர்கள் எதிர்க்கத்தான் செய்வார்கள். பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தின் செலவை வாடகைக்கு வீடு தேடி அலைபவர் ஏற்கிறார்.

6. நிறுத்திவிட்டால் என்ன ஆகும்

120 வீடுகள் இங்கே வராவிட்டால் 120 குடும்பங்கள் காணாமல் போவதில்லை. ஊரின் விளிம்புக்குப் போகிறார்கள், அங்கிருந்து தினமும் இதே தெரு வழியாக வேலைக்கு வருகிறார்கள். அல்லது இருக்கிற வீடுகளுக்கே போட்டி போட்டு வாடகையை ஏற்றுகிறார்கள். அமெரிக்க நகரங்களில் வருமானம் குறைந்த பகுதிகளில் எழுந்த பெரிய அபார்ட்மென்ட்களை ஆராய்ந்தபோது, அவற்றுக்கு மிக அருகில் உள்ள வீடுகளின் வாடகை, சற்றுத் தள்ளி உள்ளவற்றோடு ஒப்பிட்டால் சுமார் 6 சதவீதம் குறைந்திருந்தது. "புதுக் கட்டடம் வந்தால் எல்லாம் விலையேறும்" என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது நேர் எதிர்.

ஊர் முழுக்கப் பகிர்ந்துகொண்டால் ஒரு தெருவின் சுமை குறையும். நியூஸிலாந்தின் ஆக்லாந்து 2016-இல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் அடர்த்தியை அனுமதித்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டில், ஆண்டுதோறும் அனுமதி பெறும் வீடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது. அவற்றில் நிறைய, வரிசையாக ஒட்டிய இரண்டு மூன்று மாடி வீடுகள். எல்லாத் தெருவிலும் மூன்று மாடி அனுமதிக்கும் ஊரில், ஒரே தெருவில் பன்னிரண்டு மாடி எழ வேண்டிய அழுத்தம் குறைகிறது. தனி வீட்டுப் பகுதிகளை அறவே பூட்டிவைக்கும் ஊரில், திறந்திருக்கும் ஒன்றிரண்டு மனைகள் மீது மொத்தப் பாரமும் விழுகிறது.

எதிர்ப்பு எல்லை மீறினால் அரசு கதவையே மூடிவிடும் அபாயமும் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவர் விடுதிக்கு எதிரான வழக்கில், மாணவர்கள் போடும் சத்தமும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராயப்பட வேண்டும் என்று 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம், குடியிருப்புத் திட்டங்களில் வசிப்பவர்களின் சத்தத்தை அப்படிக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 2024-இல் மாநில உச்ச நீதிமன்றம் விடுதிக்கு வழிவிட்டது.

7. அனுமதிக் கட்டத்தில் கேட்க வேண்டியவை

உயரமும் எண்ணிக்கையும் முன்பே விதியில் முடிவாகியிருந்தாலும், இந்த நிலையிலும் எழுத்தில் கேட்டுப் பெறக்கூடியவை உண்டு:

1. வரைபடத்தின் முழு நகல். சொல்லப்பட்ட எஃப்.எஸ்.ஐ., செட்பேக், சாலை அகலம் ஆகியவை நேரில் அளந்தால் பொருந்துகின்றனவா. சாலை அகலத்தைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

2. கழிவுநீர், மழைநீர், மின்சாரக் கொள்ளளவு பற்றிய கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் மனைக்குள்ளேயே வைக்கப்படுகிறதா.

3. நிழல் வரைபடம், ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும்.

4. லாரி வரும் நேரம், வழி, வேலை நிறுத்தும் நேரம், இரவு கான்கிரீட் போடுவதற்குத் தடை.

5. அடித்தளம் தோண்டும் முன் பக்கத்து வீடுகளின் சுவர், தளம், மதில் ஆகியவற்றை இரு தரப்பும் சேர்ந்து படம் எடுத்து, இருக்கிற விரிசல்களை அளந்து, தேதியோடு கையெழுத்திட்ட பதிவு. ஆழமாகத் தோண்டி நிலத்தடி நீரை இறைக்கும்போது பக்கத்து மண் இறங்கும். விரிசல் விட்ட பிறகு, அது முன்பே இருந்ததுதான் என்று சொல்லிவிட்டால் மறுக்க இந்தப் பதிவு மட்டுமே கையில் இருக்கும்.